மழையும் வெயிலும் சைக்கிளை நிறுத்துகின்றனவா?

சைக்கிளைப் பற்றி நம் நாட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "அது குளிர்ச்சியான மேலைநாடுகளுக்கு ஏற்ற ஊர்தி. சுட்டெரிக்கும் வெயிலும் கொட்டும் மழையும் உள்ள நம் ஊருக்கு ஒத்துவராது" என்பார்கள். மேலைநாடுகளிலும் இதே பேச்சு வேறு உருவில் நடமாடுகிறது என்பதுதான் விந்தை. "குளிரும் தூறலும் எதிர்க்காற்றும் உள்ள எங்கள் ஊரில் சைக்கிள் எப்படி ஓட்டுவது? அது வெயில் காயும் நாட்டாருக்கே பொருந்தும்" என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இரண்டு கூற்றும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. ஆகவே மோசமான வானிலை அன்றாடம் சைக்கிளில் செல்பவர்களை உண்மையிலேயே நிறுத்துகிறதா, நிறுத்துகிறதென்றால் எந்த அளவுக்கு என்று ஆராய்வது பயனுடையதாகும்.

இதற்கு நம் பக்கத்து ஊர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், அதன் கரையில் அமைந்திருப்பது ஏரல். 1986-ஆம் ஆண்டு அக்டோபர் வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கிய ஊர். சுற்றியுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் இதுவே கடைத்தெரு. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் கால்வாய்கள் பாயும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த இந்நிலம் மேடு பள்ளமில்லாத சமவெளி. சைக்கிளுக்கு மிகப் பெரிய எதிரி ஏற்றம். அந்த எதிரி இங்கு இல்லை. எஞ்சி நிற்பவை மழை, காற்று, வெயில் ஆகிய மூன்றே. எனவே நம் கேள்வியைச் சோதிக்க இது நல்ல களம்.

வானிலையோடு பிறந்த வண்டி

முதலில் சிறிது வரலாற்றைப் பார்ப்போம். சைக்கிளின் மூதாதை 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தது. கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை முன்னும் பின்னுமாகப் பொருத்தி, அவற்றிடையே உட்கார்ந்து, காலால் தரையை உந்திச் செல்லும் வண்டி ஒன்றை அமைத்தார். அவ்வாண்டு ஜூன் 12-ஆம் நாள் மான்ஹைம் நகரிலிருந்து அதில் புறப்பட்டு, ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவை ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் கடந்து திரும்பினார்.

அந்த ஆண்டில் ஏன் இப்படி ஒரு வண்டி தேவைப்பட்டது? 1815-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதிலிருந்து எழுந்த துகள்களும் வாயுக்களும் மேல் வளிமண்டலத்தில் பரவிக் கதிரவன் ஒளியை மறைத்தன. அடுத்த ஆண்டான 1816, ஐரோப்பாவில் "கோடை இல்லாத ஆண்டு" எனப் பெயர் பெற்றது. விளைச்சல் பொய்த்தது, ஓட்ஸ் தானியத்தின் விலை ஏறியது, குதிரைகளுக்குத் தீனி கிடைக்கவில்லை. குதிரை வேண்டாத ஊர்தியை டிரைஸ் தேடியதற்கு இதுவே காரணம் என்று லெஸ்ஸிங் என்னும் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் கருதுகிறார். எல்லோரும் இக்கருத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கூறுவது சரியாக இருக்குமானால், மோசமான வானிலை சைக்கிளை விரட்டுவது இருக்கட்டும், அதைப் பிறப்பித்ததே மோசமான வானிலைதான் என்றாகிவிடும்!

இன்று நாம் காணும் சைக்கிளின் வடிவம் 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் வெளியிட்ட 'ரோவர்' வண்டியில் தொடங்குகிறது. 1888-ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். பின்னர் அங்கே அன்றாடப் பயணத்துக்கென உருவான சைக்கிளைக் கவனியுங்கள். சேறு தெறிக்காமல் இருக்க இரு சக்கரங்களுக்கும் முழு மட்கார்டு. சங்கிலியில் நீரும் மண்ணும் படாமல் இருக்கச் செயின் கவர். குண்டுங்குழியுமான சாலைக்கு ஏற்ற 28 அங்குலச் சக்கரம். நிமிர்ந்து உட்கார வசதியான ஹேண்டில்பார். இவை அழகுக்காகச் சேர்த்தவை அல்ல. அடிக்கடி மழை தூறும் ஒரு நாட்டில் வேலைக்குச் செல்பவன் உடை நனைந்தாலும் சேறாகாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அமைத்தவை.

இந்த வண்டிதான் நமக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு நம் நாட்டில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானவை. 1949-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது. வேறு மாநிலங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. அவை செய்ததும் பெரும்பாலும் அதே ஆங்கில அமைப்புத்தான். ஏரல் வீதியில் வாழைத்தாரைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகும் கறுப்பு நிறச் சைக்கிள், உண்மையில் இங்கிலாந்தின் மழைக்கு அஞ்சாமல் இருக்கச் செய்யப்பட்ட பொறியின் வாரிசு ஆகும்.

மழை: ஒரு சிறு கணக்கு

மழை எத்தனை மில்லிமீட்டர் பெய்கிறது என்பதைவிட, எத்தனை மணி நேரம் பெய்கிறது என்பதே சைக்கிள் ஓட்டுபவருக்கு முக்கியம். தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 650 மி.மீ. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்குக் காரணமான பெருமழை மேற்கே மலையின்மீது பெய்கிறது. ஏரல் பக்கம் அந்த ஆற்று நீரைப் பெறும் வறண்ட கடலோரப் பகுதியே. நம் மழை பொதுவாகக் கொட்டித் தீர்க்கும் மழை. மணிக்குச் சராசரியாக 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 650 மி.மீ. பெய்ய 130 மணி நேரம் ஆகும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதாவது, மொத்த நேரத்தில் சுமார் ஒன்றரை விழுக்காடு மட்டுமே இங்கு மழை பெய்கிறது. இது தோராயமான மதிப்பீடே. எனினும் மழை இல்லாத நேரமே மிகப் பெரிது என்பதைக் காட்ட இது போதும்.

உலகில் மிக அதிகமாகச் சைக்கிள் ஓட்டும் நாடான நெதர்லாந்தை இதனுடன் ஒப்பிடுவோம். அங்கு மக்கள் செய்யும் பயணங்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சைக்கிளில் நடைபெறுகிறது. ஆண்டு மழை சுமார் 850 மி.மீ.; மழை பெய்யும் நேரம் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு. அதாவது 600 மணி நேரத்துக்கு மேல். மணிக்கு 1.4 மி.மீ. வீதம் மெல்லிய தூறலாக, விடாமல் பெய்யும் மழை அது. வானிலையே சைக்கிளின் தலைவிதியைத் தீர்மானிக்குமானால், ஏரலில் சைக்கிள் பெருகியும் ஆம்ஸ்டர்டாமில் அருகியும் இருக்க வேண்டும்!

இந்த இரு மழைகளுக்கும் உள்ள வேற்றுமை இன்னொன்றையும் விளக்குகிறது. நம் ஊரில் மழை வந்தால் சைக்கிளில் செல்பவர் தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்பார், அரை மணியில் மழை ஓயும், மீண்டும் மிதிப்பார். பயணம் தாமதமாகிறது, ரத்தாவதில்லை. தூறல் விடாத நாட்டில் ஒதுங்கி நின்று பயனில்லை. மழை உடுப்பை அணிந்துகொண்டு மிதித்தே ஆக வேண்டும்.

மழையில் சைக்கிள் ஓட்டுவதில் இடரே இல்லை என்று கூற வரவில்லை. 2 மி.மீ. விட்டமுள்ள மழைத்துளி, காற்றின் தடையால் வினாடிக்குச் சுமார் 6.5 மீட்டர் என்ற நிலையான வேகத்தில் விழுகிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவர் வினாடிக்கு 4.2 மீட்டர் முன்னேறுகிறார். ஆகவே செங்குத்தாக விழும் மழையும் அவருக்கு ஏறத்தாழ 33 பாகை சாய்ந்து முன்னாலிருந்து முகத்தில் அடிப்பதுபோல் தோன்றும். ஒரு கையில் குடையை முன்னோக்கிச் சாய்த்துப் பிடிப்பவர் இந்தச் சார்புத் திசைவேகக் கணக்கை அறியாமலேயே போட்டுவிடுகிறார். ஆனால் அந்தக் குடை பாய்மரம்போல் காற்றை வாங்கி வண்டியை இழுத்துச் சாய்க்கிறது. நனைந்த இரும்பு ரிம்மின்மீது பிரேக் கட்டையின் உராய்வு வெகுவாகக் குறைகிறது. ஈரமான டயரில் டைனமோ வழுக்கி, விளக்கு மங்குகிறது. இவை மெய்யான ஆபத்துகளே. ஆயினும் மழைக்கோட்டு, நல்ல பிரேக், வேகத்தைக் குறைத்தல் என்று இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு.

ஆடிக் காற்று

மழையைவிடக் காற்றே இப்பகுதியில் பெரிய சோதனை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே புகுந்து கிழக்கு நோக்கிப் பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று முன்னோர் சொன்னது இதைக் கண்டுதான். 1986-ஆம் ஆண்டு ஜனவரியில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை ஒன்றை நிறுவியதும் இந்தக் காற்றை நம்பியே.

சைக்கிளில் செல்பவரை எதிர்க்கும் விசைகள் இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் உருளல் உராய்வு. இது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. மற்றொன்று காற்றின் தடை. இது காற்றைப் பொறுத்த வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவருக்குக் கணக்கிட்டால் கிடைப்பது இது: காற்றில்லாத வேளையில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்ல ஏறத்தாழ 55 வாட் திறன் போதும். மணிக்கு 15 கி.மீ. வேகமுள்ள எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காக்க 130 வாட் வேண்டும். காற்று பின்னாலிருந்து வீசினால் 30 வாட் போதும்.

"போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்றுத்தானே? இரண்டும் சரியாகிவிடும்" என்று சிலர் நினைக்கலாம். சரியாவதில்லை! நம் ஆள் 55 வாட் திறனை மாற்றாமல் மிதிக்கட்டும். எதிர்க்காற்றில் அவர் வேகம் மணிக்கு 9 கி.மீ. ஆகக் குறையும், பின்காற்றில் 23 கி.மீ. ஆக உயரும். பத்து கிலோமீட்டர் போகச் சுமார் 68 நிமிடம், திரும்பி வர 26 நிமிடம். மொத்தம் 94 நிமிடம். காற்றில்லாத நாளில் இதே பயணம் 80 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆடி மாதத்தில் ஏரலிலிருந்து மேற்கே ஸ்ரீவைகுண்டம் பக்கம் மிதித்துப் போய்த் திரும்புகிறவருக்கு, சூத்திரம் ஏதும் தெரியாமலேயே இந்த 14 நிமிடம் காலில் தெரியும். காற்று அவருடைய பயணத்தை நிறுத்தவில்லை. நேரத்தையும் உழைப்பையும் வரியாக வாங்கிக்கொள்கிறது.

வெயில்

மூன்றாவது எதிரி வெயில். இதில் சைக்கிளைப் பற்றிய தவறான எண்ணம் மிகுதி. 55 வாட் திறனில் மிதிப்பவரின் உடல் உண்மையில் 250 வாட் அளவுக்கு ஆற்றலைச் செலவிடுகிறது. ஏனெனில் தசையின் பயனுறுதிறன் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சிய 200 வாட் வெப்பமாகிறது. வேர்வை ஆவியாகும்போது கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எனவே 200 வாட் வெப்பத்தைப் போக்க மணிக்கு 300 மில்லிலிட்டர் வேர்வை ஆவியானால் போதும். வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்று அதை உடனுக்குடன் ஆவியாக்கிவிடுகிறது. வண்டியை நிறுத்திய மறுகணமே முகமும் முதுகும் வேர்த்துக் கொட்டுவதன் காரணம் இதுவே. காற்று நின்றுவிட்டது, உடலின் வெப்பம் இன்னும் நிற்கவில்லை.

அதே ஐந்து கிலோமீட்டரை நடந்து கடப்பவர் ஒரு மணி நேரம் வெயிலில் இருக்க வேண்டும். சைக்கிளில் 20 நிமிடம் போதும். மொத்தத்தில் நடப்பவரின் உடலில் தோன்றும் வெப்பம் சைக்கிளில் செல்பவருடையதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆகும். ஆக, வெயில் சைக்கிளுக்கு எதிரான வாதமன்று. நடையோடு ஒப்பிட்டால் சைக்கிளுக்கு ஆதரவான வாதம்.

ஆனால் நேரடி வெயிலின் சுமை தனி. தெளிந்த வானில் உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் கதிராற்றல் விழுகிறது. உடல் வாங்கிக்கொள்ளும் பங்கு, மிதிப்பதால் உண்டாகும் வெப்பத்துக்கு இணையாகவே இருக்கக் கூடும். சாலையோரத்துப் புளியும் வேம்பும் மருதும் இந்தச் சுமையைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. வெப்பநிலைமானி காட்டும் அளவு நிழலிலும் வெயிலிலும் அதிகம் வேறுபடாமல் இருக்கலாம். சைக்கிளில் செல்பவரின் உடலுக்கு அவை இரண்டு வெவ்வேறு உலகங்கள்.

தூத்துக்குடிக் கடலோர உப்பளத் தொழிலாளர்கள் வெயிலை எதிர்கொள்ளும் முறையும் கவனிக்கத்தக்கது. அவர்களில் பலர் விடியுமுன் எழுந்து வேலைக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் பெரும்பகுதி வேலையை முடிக்கின்றனர். வானிலை அவர்களுடைய நேரத்தை மாற்றியிருக்கிறது, பயணத்தை விலக்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள்

இதுவரை கூறியவை கணக்கும் ஊகமும். உண்மையில் எண்ணிப் பார்த்தவர்கள் என்ன கண்டனர்? ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நான்கெர்விஸ் என்ற ஆய்வாளர், உயர்கல்வி நிலையங்களில் மாணவர்கள் நிறுத்தியிருந்த சைக்கிள்களை எண்ணி, அவற்றை அன்றன்றைய வானிலையோடு ஒப்பிட்டார். எளிய முறை, ஆனால் நல்ல முறை. குளிர்காலத்திலும் மோசமான நாள்களிலும் எண்ணிக்கை குறையத்தான் செய்தது. ஆனால் பொதுவாக நம்பப்படும் அளவுக்குக் குறையவில்லை என்று 1999-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

நெதர்லாந்தில் ஹௌடா, ஏட என்ற ஊர்களின் சுற்றுப்புறத்தில் 16 சைக்கிள் பாதைகளில் பல ஆண்டுகள் திரட்டிய எண்ணிக்கைகளை ஆராய்ந்த அறிக்கை 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாளுக்கு நாள் ஏற்படும் ஏற்ற இறக்கத்துக்கு வானிலையே பெருங்காரணம் என்று அதில் தெரிந்தது. ஆனால் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களே வானிலைக்கு மிகவும் அசைந்தார்கள்; வேலைக்கும் பள்ளிக்கும் செல்பவர்கள் அவர்களைவிடக் குறைவாகவே அசைந்தார்கள்.

நாட்டுக்கு நாடு ஒப்பிட்டவர்களும் உண்டு. புக்கர், பியூலர் ஆகிய இருவர் 2006-ஆம் ஆண்டில் கனடாவையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டனர். துருவத்தை அடுத்த, பனி உறையும் யூக்கான் பகுதியில் வேலைக்குச் செல்வோரில் 2 விழுக்காட்டினர் சைக்கிளில் சென்றனர். இதமான வெயில் காயும் கலிபோர்னியாவில் இது 0.8 விழுக்காடே, புளோரிடாவில் 0.6. பின்லாந்தில் 65-ஆம் அட்சக்கோட்டில் உள்ள ஔலு நகரில் உறைபனியிலும் மக்கள் சைக்கிளில் செல்கின்றனர். அங்கே சைக்கிள் பாதைகளில் பனியை அகற்றுவதற்கு நகராட்சி முன்னுரிமை தருகிறது. குளிர்காலச் சைக்கிள் பயணம் பற்றிய முதல் உலக மாநாடு 2013-ஆம் ஆண்டில் அந்நகரில்தான் கூடியது.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? ஒரு குறிப்பிட்ட நாளில் சைக்கிளை எடுப்பதா வேண்டாமா என்பதில் வானிலைக்குப் பங்கு உண்டு. ஒரு நாட்டு மக்கள், அல்லது ஓர் ஊர் மக்கள், சைக்கிள் ஓட்டுபவர்களா இல்லையா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

வானிலை மாறவில்லை, மனிதர் மாறினர்

இதற்கு வரலாற்றுச் சான்று நெதர்லாந்திலேயே உள்ளது. 1950-களில் அங்கு எங்கும் சைக்கிளாக இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மோட்டார் கார் பெருகப் பெருகச் சைக்கிள் வேகமாகக் குறைந்தது. 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் கொதித்தெழுந்தனர்; "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் தோன்றியது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் படிப்படியாகத் தனிப் பாதைகள் அமைந்தன, சைக்கிள் மீண்டது. இந்த வீழ்ச்சியிலும் மீட்சியிலும் ஹாலந்தின் தூறல் அப்படியேதான் இருந்தது!

தமிழ்நாட்டிலும் இதன் ஒரு பாதியைக் காணலாம். 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. அதன்பின் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் சிற்றூர் வரை வந்தன. கையில் காசு சேர்ந்தவர்கள் சைக்கிளை விட்டு இவற்றுக்கு மாறினர். மொபெட்டுக்கும் கூரை கிடையாது. அதில் போனாலும் மழையில் நனையத்தான் வேண்டும், வெயிலில் காயத்தான் வேண்டும். ஆகவே இந்த மாற்றத்துக்கும் வானிலையைக் காரணம் காட்ட இயலாது.

மாறாக, சைக்கிள் கிடைக்காதிருந்தவர்கள் கையில் அது கிடைத்தபோது என்ன நடந்தது? 1991-92-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தின் பகுதியாகச் சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் ஓட்டக் கற்றனர். புதுக்கோட்டையின் வெயிலை விளக்க வேண்டியதில்லை. அதுவரை அவர்களைத் தடுத்து நிறுத்தியது அந்த வெயிலா, "பெண்ணுக்கு எதற்குச் சைக்கிள்?" என்ற ஊர்ப்பேச்சா? தமிழக அரசு 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, 2005-06-இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் அதை விரிவாக்கியது.

பீகார் அரசு 2006-ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் தந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில் பயன் மிகுதியாக இருந்தது. அவர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டை. பெருமழையும் கடுங்கோடையும் இரு மாநிலங்களுக்கும் பொது. அந்தப் பெண்களுக்கு இடையூறாக இருந்தது தொலைவு. அதைச் சைக்கிள் சுருக்கியது.

வேறு வழியில்லாதவர்கள்

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் தவிர்ந்த பிற வேலைகளில் இருந்தோருள் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர் சைக்கிளில் வேலைக்குச் சென்றனர். இவர்களில் பெரும்பாலோர் விரும்பித் தேர்ந்து சைக்கிள் ஓட்டுபவர்கள் அல்லர். பேருந்துக்குக் காசில்லாமலோ, பேருந்தே இல்லாமலோ ஓட்டுபவர்கள். மழை பெய்தாலும் இவர்கள் போகிறார்கள். போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும்.

எனவே "மழையிலும் எண்ணிக்கை குறையவில்லை" என்று ஒருவர் கண்டுபிடித்தால், மழை அவர்களைத் துன்புறுத்தவில்லை என்று அதற்குப் பொருளாகாது. எண்ணிக்கை எத்தனை பேர் போனார்கள் என்பதைச் சொல்லும். எப்படிப் போனார்கள் என்பதைச் சொல்லாது. வானிலை சைக்கிளைத் தடுப்பதில்லை என்பதைக் காட்டி, "பிறகென்ன, அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று முடிவு கட்டுவது, வானிலையின்மேல் பழியைப் போடுவதைவிடப் பெரிய பிழையாகும்.

பாதை அறுந்தபோது

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் ஏரல் பகுதி கண்டது எந்தக் கணக்கிலும் அடங்காத மழை. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாயின. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழைக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ ஒரே நாளில் பெய்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. ஏரல் கடைத்தெருவில் வெள்ளம் புகுந்தது. ஆற்றைக் கடக்கும் பாலத்தையொட்டிய சாலை அரித்துச் செல்லப்பட்டு, தென்கரையோடு இருந்த தொடர்பு அறுந்தது. 1992-ஆம் ஆண்டு நவம்பரிலும் தாமிரபரணி இப்படிப் பெருகிப் பேரழிவு செய்ததுண்டு.

அந்த நாள்களில் சைக்கிள் ஓடவில்லை. பேருந்தும் ஓடவில்லை, காரும் ஓடவில்லை. பின்னர் வானம் வெளுத்து, வெயிலும் வந்தது. சைக்கிள் ஓட்ட அதைவிட நல்ல வானிலை இருக்க முடியாது. ஆனால் ஆற்றைக் கடந்து போக வழி இல்லை. மழை ஒரே நாளில் நின்றுவிட்டது. அறுந்த பாதை பல நாள்கள் மனிதரை நிறுத்தி வைத்தது. இத்தகைய பேரிடரை விட்டுவிட்டுச் சாதாரணமான ஐப்பசி மழையை எடுத்துக்கொண்டாலும் இதே உண்மையின் சிறு வடிவத்தைக் காணலாம். பள்ளிச் சிறுமியின் சைக்கிளைத் தடுப்பது மேலிருந்து விழும் நீரா, வடிகால் இல்லாமல் சாலையில் தேங்கி, குழியை மறைத்து நிற்கும் நீரா?

இந்த வேறுபாடு சொற்சிலம்பம் அன்று. வானிலையைக் குற்றவாளி ஆக்கினால், யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பாதையே காரணம் என்று கண்டால், செய்ய வேண்டியவை வரிசையாகத் தெரியும்: தண்ணீர் தேங்காத வடிகால், கனரக வண்டிகளுக்கு அஞ்சாமல் ஒதுங்கிச் செல்ல உறுதியான சாலை ஓரம், அகலப்படுத்தும்போது வெட்டிய மரங்களுக்கு ஈடாக நிழல் மரங்கள், பள்ளியிலும் சந்தையிலும் கூரையுள்ள சைக்கிள் நிறுத்தம், வெள்ளம் அரிக்காத பாலச் சாலை. இவற்றில் எதற்கும் வானிலையை மாற்ற வேண்டியதில்லை.

மாணவ நண்பர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பள்ளி அல்லது கல்லூரியின் சைக்கிள் நிறுத்தத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எத்தனை சைக்கிள்கள் உள்ளன என்று ஓராண்டு எண்ணுங்கள். நேர்சுவர் உள்ள ஏனம் ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து மழையை மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள். உச்ச வெப்பநிலையையும் காற்றின் திசையையும் உடன் எழுதுங்கள். இன்னொரு பத்தியும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கட்டும்: வழியில் எங்கெங்கே நீர் தேங்கியிருந்தது, அது எத்தனை நாளில் வடிந்தது என்பது. ஆண்டு முடிவில் எந்தப் பத்தியோடு சைக்கிள் எண்ணிக்கை ஒத்துப்போகிறது என்று பாருங்கள். பிறகு அந்தக் குறிப்பேட்டை உங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலோ பேரூராட்சியிலோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.